கொசுறாக வந்த கை

கீர்த்தனா போன வாரம் போன் செய்தாள். ஓசூரை அடுத்த தளிப் பக்கத்துப் பெண். எங்கள் ஸ்டுடியோவில் கொஞ்ச காலம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். இப்போது பெங்களூரில் பேய்ப் பட டிரெய்லர்களுக்குச் சத்தம் சேர்க்கிறாள்.

"மேடம், ஒரு டவுட்டு. இப்பல்லாம் எடுத்த எடுப்பிலேயே பயமுறுத்தச் சொல்றாங்க. இல்லேன்னா பாக்கறவங்க போன்ல தள்ளிவிட்டுட்டுப் போயிடறாங்களாம். அமைதியே வேண்டாம்ங்கறாங்க. நீங்களும் சாரும் ஒரு எடத்துல கப்புனு நிறுத்துவீங்களே, அத எங்க வெக்கறதுன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"

"அடுப்புல கொழம்பு கொதிக்குதுடி, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அவள் கேட்டது எனக்குத் தெரியாமலும் இல்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். காது டாக்டர் இனிமேல் ஹெட்போனைத் தொடாதே என்று கண்டிப்பாகச் சொல்லி வீட்டில் உட்கார வைத்த பிறகு எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் சினிமா ஆசையில் வந்தவள் இல்லை. பாரூரில் நெல்லும் கரும்பும் வைத்த குடும்பம். ஓசூருக்கு வந்தது மோட்டார் கம்பெனி வேலைக்கு. சத்தம் புகாத ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காற்றாடி மோட்டாரை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டுவார்கள். ஓட்டம் சுத்தமாக இருந்தால் ஓகே, உள்ளே பேரிங் கரகரத்தால் ரிஜெக்ட். நாள் முழுக்க அதே வேலை. மாலையில் ஹாஸ்டலுக்கு வந்தால் பக்கத்துக் கட்டில்காரி மூச்சு விடுவதைக் கேட்டே சளி பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அப்படி ஆகிவிட்டது காது.

ஒரு நாள் சூப்பர்வைசர் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் சின்ன டேப் ரெக்கார்டர். இடது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. ஓசூரில் அது யாரும் திரும்பிப் பார்க்கிற விஷயமில்லை. தகட்டை அழுத்தி வெட்டுகிற பவர் பிரஸ் ஓட்டியவர்கள் நிறையப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கிற கைகளைப் பார்த்தாலே தெரியும்.

"ஏம்மா, ரிஜெக்ட் மோட்டார் வேணும். நல்லா கெட்டுப்போனதாப் பாத்துக் குடு" என்றார்.

"எதுக்குங்க சார்?"

"பேய்க்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தேடிக் கொடுத்தேன். அந்த மோட்டார் ஓடினால் வயதான நாய் தூக்கத்தில் முனகுவது போல இருக்கும். அவர் கண்ணை மூடிக் கேட்டார். முகம் மலர்ந்து கன்னடத்தில் ஏதோ சொன்னார். அடுத்த வருடம் கம்பெனியில் ஆட்குறைப்பு செய்தபோது நேராக அவரிடம்தான் போய் நின்றேன். அவர்தான் நாகராஜ் சார்.

ராயக்கோட்டை சாலையில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது ஸ்டுடியோ. சின்னப் படங்கள்தான் வரும். ஒரே பேய்ப் படத்தைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் விற்பார்கள். மூன்றுக்கும் டிரெய்லர் வெட்டி, சத்தம் சேர்த்துக் கொடுப்பது எங்கள் வேலை. சாருக்கு வீட்டில் தெலுங்கு, சந்தோஷம் வந்தால் கன்னடம், வேலை சொல்லும்போது தமிழ். கோபம் வந்தால் மூன்றும் ஒன்றாக வரும், அப்போது யாரும் பக்கத்தில் போக மாட்டோம். யோசிக்கும்போது இடது கையால் மேஜையைத் தட்டுவார். மற்ற விரல்கள் டக் டக் என்று விழும். அந்தப் பாதி விரல் மட்டும் தொப்பென்று விழும். மாடிப்படி ஏறும்போதே அந்தச் சத்தத்தை வைத்து அன்றைக்கு அவர் மனநிலை என்ன என்று தெரிந்துகொள்வேன்.

வேலை ஆரம்பிக்கும்போது முழுப் படத்தையும் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்வார். பார்க்கும்போதே எந்த இடம் பயமாக இருக்கிறதோ அதை நான் குறித்து வைப்பேன். அவர் அத்தனையையும் அடித்துவிடுவார்.

"சத்தமில்லாமயே பயமா இருந்தா அதுக்கு நாம எதுக்கும்மா? அத தியேட்டர்ல பாத்துக்கட்டும். சும்மா கெடக்கற நாற்காலி இருக்கா பாரு. சொட்டற பைப்பு இருக்கா பாரு. அத எடு."

அப்படித்தான் எடுப்போம். முதலில் ஒரு சந்தோஷமான குடும்பம், புது வீடு, பால் காய்ச்சுவது. அதற்கு அடியில் அந்த ரிஜெக்ட் மோட்டாரின் முனகலைக் காதுக்கு எட்டாத அளவுக்குத் தாழ்த்தி ஓடவிடுவேன். யாருக்கும் கேட்காது, வயிற்றில் மட்டும் ஏதோ சரியில்லை என்று இருக்கும். பிறகு ஒரு தாலாட்டு, பாதி வேகத்தில். கதவு கிறீச்சிட வேண்டும் என்றால் எங்கள் கக்கூஸ் கதவுதான், அதைவிட நல்ல கதவு எனக்குக் கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. ஷாட்டுகள் சின்னச் சின்னதாகி வேகம் பிடிக்கும். பிறகு எல்லாச் சத்தமும் ஒரே வெட்டாக நிற்கும். அப்புறம் ஒரு அலறல், ஒரு 'டம்', திரை கறுத்துப் படத்தின் பெயர் வரும்.

பெயர் வந்தவுடன் பார்க்கிறவன் அப்பாடா என்று மூச்சை விடுவான். அந்த மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்கும்போது இன்னும் ஒரே ஒரு ஷாட் வைப்போம். கண்ணாடியில் ஒரு கை, கட்டிலடியில் ஒரு கண், அந்த மாதிரி. அதற்கு சார் வைத்த பெயர் கொசுறு.

"காய் வாங்கி முடிச்சிப் பைய எடுத்துத் திரும்பறப்ப ஒரு கொத்து கருவேப்பிலை போடறான் பாரு, அதான். ஆனா முழுசாக் காட்டாத. கை காட்டினா மூஞ்சி காட்டாத. காட்டிட்டா அவ்ளோதான், பயம் போயிரும்."

வெட்டி முடித்ததும் கீழே டீக்கடையில் நிற்கிற ஷிப்ட் ஆட்களை நாலைந்து பேரைக் கூப்பிட்டு வந்து போட்டுக் காட்டுவோம். எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள். சார் மட்டும் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவர்கள் காலைப் பார்ப்பார். செருப்புக்குள் கட்டைவிரல் சுருண்டால் தேறிவிட்டது. முகத்தில் ஆம்பளைங்க வீராப்பு காட்டுவாங்க, காலுக்கு அது தெரியாது என்பார்.

ஒரு தடவை எனக்கு நல்ல மூக்குடைப்பு. ஒரு பவர் பிரஸ் அடிக்கிற சத்தத்தைப் பதிவு செய்து, அதைக் கனமாக்கி, 'டம்' செய்திருந்தேன். சென்னையில் தயாரிப்பாளர் நாற்காலியில் துள்ளினாராம். தலைகால் புரியவில்லை எனக்கு. ஓசூர் தியேட்டரில் அந்த டிரெய்லர் போட்ட அன்றைக்கு நானும் சாரும் போய் உட்கார்ந்தோம். அலறல் வந்தது. 'டம்' வந்தது. ஒரு ஆள் அசையவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "மச்சான், செகண்ட் ஷிப்ட் ஸ்டார்ட் ஆயிடுச்சிடா!" தியேட்டரே சிரித்தது. சாரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு ஓடி ஒளியலாம் போல இருந்தது.

வெளியே வந்து டீ குடிக்கும்போது சார் சொன்னார், "இந்த ஊர்க்காரன் மெஷின் ஓடினா பயப்பட மாட்டாம்மா. நின்னாத்தான் பயப்படுவான். ஓடிட்டிருக்கற பிரஸ் நடுவுல நின்னுச்சின்னா மொத்த லைனும் தலையத் தூக்கிப் பாக்கும். யாரு கையின்னு."

சிரித்துக்கொண்டிருந்த முகம் அதைச் சொல்லும்போது அணைந்துவிட்டது.

விரல் போனதை அவரே சொன்னது வேறொரு நாள். அலறல் கொடுக்க ஒரு டப்பிங் பெண் வந்திருந்தாள். நல்ல குரல். கத்தினாள் என்றால் டயர் கடைக்காரர் மேலே ஓடிவருவார். அவள் எத்தனை தடவை கத்தினாலும் சார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அழுகிற நிலைமைக்கு வந்து அவள் கிளம்பிப் போன பிறகு, "சார், அவ நல்லாத்தான கத்தினா?" என்றேன்.

"கத்தல் நல்லாருக்கும்மா. சீக்கிரம் வருது." பாதி விரலை இன்னொரு கையால் தடவிக்கொண்டே பேசினார். "எனக்கு வெரல் போனப்ப மொதல்ல மூச்சுதான் உள்ள போச்சி. வலி அப்பவே வந்துடுச்சி, உச்சந்தல வரைக்கும். சத்தந்தான் வரல. மெஷின ஆரோ நிறுத்திட்டாங்க. ஒரே அமைதி. என்னோட வலி மொத்தமும் அந்த அமைதியிலதான் இருந்துச்சி. கத்தினது அதுக்கப்பறம். கத்த ஆரம்பிச்சப்ப பாதி வலி போயிருச்சி. அதனால மூச்சுக்கும் கத்தலுக்கும் நடுவுல எடம் விடு. அங்க ஒன்னுமே போடாத."

அன்றைக்கு அந்தப் பெண்ணின் அலறலுக்கு முன்னால் அவள் மூச்சை இழுக்கிற சத்தத்தை மட்டும் தனியாக வெட்டி வைத்தேன். பிறகு ஒன்றுமில்லாத ஒரு வெற்றிடம். பிறகு அலறல். ஓட்டிப் பார்த்தோம். எனக்குக் கைரோமம் நின்றது. சார் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் செய்த எல்லா டிரெய்லரிலும் அந்த இடம் இருக்கும்.

இப்போது அந்தத் தொழிற்சாலைப் படத்துக்கு வருகிறேன். கீர்த்தனா சேருவதற்கு முந்தைய வருடம். குருபரப்பள்ளிப் பக்கம், ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி மூடிக்கிடந்த ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்துப் படம் பிடித்திருந்தார்கள். கதை ஒன்றும் பிரமாதமில்லை. வேலையில் செத்துப்போன தொழிலாளி பேயாக வந்து ஒவ்வொருவராகப் பழிவாங்குகிறான். நாங்களும் ஒரு நாள் அங்கே போய் ஷட்டர், தகரக் கூரை, பாரம் தூக்குகிற சங்கிலி என்று எல்லாவற்றின் சத்தத்தையும் எடுத்து வந்தோம். சங்கிலிச் சத்தம் அருமையாக அமைந்தது. அதை வைத்தே டிரெய்லரின் ஓட்டத்தைக் கட்டினேன். தொடக்கத்தில் 'ஓசூர்த் தொழிற்சாலையில் நடந்த உண்மைச் சம்பவம்' என்று எழுத்து போடச் சொன்னார் தயாரிப்பாளர். பேய்ப் படம் என்றால் அந்த எழுத்து வரும், சர்பத் என்றால் எலுமிச்சை மாதிரி. எது உண்மை, என்ன சம்பவம் என்று யாரும் கேட்பதில்லை. கதை எழுதியவர் ஓசூருக்கே வந்ததில்லை.

கொசுறுக்கு மட்டும் ஷாட் இல்லை. டைரக்டர் எடுக்க மறந்துவிட்டார், நடிகரும் ஊருக்குப் போய்விட்டார். "கை தானே, நம்ம கை போதும்" என்றார் சார். ஸ்டுடியோவின் மங்கலான கண்ணாடிக் கதவில் தண்ணீர் தெளித்து, பின்னால் விளக்கு வைத்து, அவர் அந்தப் பக்கம் நின்று இடது கையைக் கண்ணாடியில் பதித்து மெதுவாகக் கீழே இழுத்தார். பாதி விரல் கண்ணாடியில் ஒட்டாமல் ஒரு இடைவெளி விழுந்தது. அட, இது இன்னும் நல்லா இருக்கே என்று நான்தான் சொன்னேன். டீக்கடையிலிருந்து வந்து பார்த்த அத்தனை பேர் கட்டைவிரலும் சுருண்டது.

டிரெய்லர் வெளியே வந்து ஓசூரில் கைக்குக் கை போனது. அந்த ஷெட்டைப் பார்த்து, "டேய் இது நம்ம ஊரு" என்று எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பினார்கள்.

ஒரு மத்தியானம் ஒரு பெண் படியேறி வந்தாள். தளி ரோட்டில் ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறவள் என்று பார்த்தவுடன் தெரிந்தது, முன்கை முழுக்க முள் கீறல். பெயர் முத்துலட்சுமி. தென்காசிப் பக்கத்துப் பேச்சு.

"பேய்ப் படத்துக்குச் சத்தம் போட்டது நீங்கதானாக்கா?"

"ஆமாம்மா. என்ன வேணும்?"

"அந்த ஷெட்டுலதான் எங்க வீட்டுக்காரவுக செத்தாவ."

அவள் அழவில்லை, கத்தவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாள். ஷெட் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் சங்கிலி அறுந்து தகடு விழுந்து புருஷன் போய்விட்டான். அதோடு கம்பெனியையும் மூடிவிட்டார்கள். ஒரே பெண் குழந்தை, யாழினி, நாலாவது படிக்கிறது.

"உடம்பக் கொண்டாந்தப்போ மொகத்தக் காட்டலக்கா. காட்டுத மாதிரி இல்லன்னுட்டாவ. முழுக்கச் சுத்தித்தான் கொண்டாந்தாவ. புள்ள அப்பாவத் தொடணும்னு அழுதா. அதுக்காவ ஒரு கைய மட்டும் வெளிய எடுத்து வச்சாவ. இடது கை. அந்தக் கையில ஒரு வெரலு மின்னமே பிரஸ்ஸுல போயிருச்சு."

நாகராஜ் சார் மேஜையில் வைத்திருந்த கையை எடுத்து பேண்ட் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இப்போ பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளைகளும் 'ஒங்கப்பன்தான் பேயி, ஒங்கப்பன்தான் பேயி'ங்குதுவளாம். உண்மைச் சம்பவம்னு வேற எழுதிருக்காவளே. புள்ள பள்ளிக்கூடம் போமாட்டேங்கா. என் போனப் புடுங்கி வச்சிக்கிட்டு அதையே பாத்துப் பாத்து அழுதா. பயந்துபோய்க் கெடக்கா. அந்தக் கைய மட்டுமாவது எடுத்துருங்கய்யா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். செத்த மனுசன, சொந்தப் புள்ளைக்கே பேயாக்கிட்டீயளே."

அந்தச் சங்கிலிச் சத்தத்தைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அதைக் கேட்டிருப்பாள், என்ன சத்தம் என்றும் தெரிந்திருக்கும். மூன்று நாள் மெனக்கெட்டு அதை மெருகேற்றியவள் நான். தூ, என்ன பிழைப்பு என்று எனக்கே அன்றைக்கு வெறுத்துப்போனது.

அவள் போனதும் சார் தயாரிப்பாளருக்குப் போன் செய்தார். அந்த ஆளின் குரல் எனக்கே கேட்டது.

"நாகராஜ், விளையாடறீங்களா? இவ்வளவு நல்லாப் போயிட்டிருக்கு. அந்தக் கைக்காகவே எல்லாரும் திரும்பத் திரும்பப் பாக்கறாங்க. பேய்ப் படத்துல பேய் இல்லாம என்னத்தக் காட்டறது?"

சார் மூன்று மொழியிலும் கத்தப்போகிறார் என்று நான் நகர்ந்து நின்றேன். அவர் கத்தவில்லை.

"சார், அது உங்க ஆர்ட்டிஸ்ட் கை இல்ல. என் கை. என் கைய நான் எடுத்துக்கறேன். அந்த உண்மைச் சம்பவம் எழுத்தையும் எடுத்துடறேன். வேணாம்னா சொல்லுங்க, அந்த ஷெட்டுல நெஜமாவே என்னா நடந்துச்சின்னு அந்தம்மாவ விட்டே பேச வெக்கறேன்."

என்னவோ செய்யுங்கள் என்று தயாரிப்பாளர் வைத்துவிட்டார். அன்றைக்கே வெட்டினேன். எழுத்தை எடுத்தேன், சங்கிலியை எடுத்தேன், கையை எடுத்தேன். பெயர் வந்த பிறகு கை இருந்த இடம் வெறும் கறுப்பாக நின்றது. அதைச் சுருக்க நேரமில்லை, அப்படியே அனுப்பிவிட்டேன். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார்கள். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று இரண்டு பேரும் கீழே போய் போண்டா சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் முத்துலட்சுமி திரும்பி வந்தாள். பள்ளிச் சீருடையில் குழந்தையையும் கூட்டி வந்திருந்தாள். முகம் முன்னைவிட மோசமாக இருந்தது.

"எடுத்த பெறவு சாப்பிடவே மாட்டேங்காக்கா. நான் என்னத்தக் கண்டேன், பயந்து அழுதான்னுல்லா நெனச்சேன்." குழந்தையை முன்னால் தள்ளிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

குழந்தை நேராக என் மேஜைக்கு வந்தது. ரெட்டை ஜடை, நீல ரிப்பன். பயந்த குழந்தையாக எனக்குத் தெரியவில்லை.

"ஆன்ட்டி, அதப் போடுங்க."

"எதடா கண்ணு?"

"எங்கப்பா வர்றது."

நான் சாரைப் பார்த்தேன். கை மறுபடியும் பைக்குள் போயிருந்தது. போடு என்று கண்ணால் சொன்னார். புது டிரெய்லரைப் போட்டேன். ஷெட் வந்தது, தாலாட்டு வந்தது, அலறல் வந்தது. குழந்தை எதற்கும் அசையவில்லை. என் பார்வை பழக்கத்தில் அதன் காலுக்குப் போனது. விரல்கள் சும்மா கிடந்தன. பெயர் வந்தது. திரை கறுத்தது. அப்போதுதான் அது நாற்காலி நுனிக்கு வந்து, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, கறுப்பையே பார்த்தது.

ஒன்றும் வரவில்லை. டிரெய்லர் முடிந்து நின்றது. அது இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தது.

"இங்கதான் வருவாங்க" என்றது. "கைய வெப்பாங்க. நான் போன்ல அதுமேல என் கைய வெப்பேன். ஏன் எடுத்தீங்க?"

ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பேய் என்று சொன்ன கையை இந்தக் குழந்தை தினமும் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பயத்தில் அழுகிறாள் என்று அம்மா நினைத்தாள். எங்களுக்கும் வேறெதுவும் தோன்றவில்லை. இந்த ஊரில் பாதி விரல் போன கை எத்தனையோ இருக்கிறது. இந்தக் குழந்தைக்குத் தெரிந்தது ஒரு கைதான்.

பழைய ஷாட் என்னிடம் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போட்டுவிடலாம். போட்டுவிடலாமா என்று என் கை போய்க்கூட விட்டது.

"வேணாம் வசந்தம்மா" என்று என்னைத் தடுத்தார் சார்.

எழுந்து வந்தார். குழந்தைக்கு எதிரே தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து, விரித்து, அதன் முன்னால் நீட்டினார். முழுதாகக் காட்டாதே என்று வாழ்நாளெல்லாம் சொன்ன மனுஷன்.

"பாப்பா, அது என் கை. உங்கப்பா கை இல்ல. நான்தான் அந்தக் கதவுக்குப் பின்னால நின்னேன்."

குழந்தை அந்தக் கையைப் பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்தது. திரும்பி எங்கள் கண்ணாடிக் கதவைப் பார்த்தது. அழும் என்று நினைத்தேன். அழவில்லை. மெதுவாகக் குனிந்து, அந்தப் பாதி விரலின் நுனியை ஒரே ஒரு விரலால் தொட்டுப் பார்த்தது.

"இது எப்படிப் போச்சு?"

"மெஷின்ல மாட்டிக்கிச்சி."

"வலிச்சுதா?"

சார் மூச்சை உள்ளே இழுத்தார். அந்த மூச்சு எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வருகிற இடமும் எனக்குத் தெரியும், அதை அளந்து வைத்துத்தான் அத்தனை வருடம் சோறு தின்றேன். ஏதாவது சத்தம் வராதா, கீழே டயர் கடையில் எதையாவது போட்டு உடைக்க மாட்டார்களா என்று இருந்தது. ஒன்றும் வரவில்லை.

"இல்ல பாப்பா" என்றார். "கொஞ்சங்கூட வலிக்கல. என்னா ஆச்சின்னே தெரியல. எல்லாம் கப்புனு அமைதியாயிடுச்சி, அவ்ளோதான்."

"எங்கப்பாவுக்கு?"

"உங்கப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்மா. ஒன்னுமே தெரிஞ்சிருக்காது."

வாசலில் முத்துலட்சுமி அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். புருஷன் செத்ததிலிருந்து அவளும் அந்தக் கேள்வியைத்தான் வைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. கேட்க ஆள் இல்லாமல் இருந்திருக்கிறாள். குழந்தை போய் அம்மா தலையைத் தடவிக்கொடுத்து, "வலிக்கலியாம்மா, அப்பாவுக்கு வலிக்கலியாம்" என்றது.

அவர்கள் போன பிறகு சார் வெகுநேரம் அந்தத் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். மேஜையைத் தட்டவில்லை, ஒன்றும் செய்யவில்லை. அவர் அதற்குப் பிறகு கொசுறு வைக்கிற பட வேலைகளை எடுப்பதைக் குறைத்துக்கொண்டார். இப்போது அவர் இல்லை. கடைசி வரைக்கும் அந்த மத்தியானத்தைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

கீர்த்தனா, நீ கேட்டதற்கு இதுதான் பதில். மூச்சை உள்ளே இழுக்கிற சத்தத்துக்கும் அலறலுக்கும் நடுவில் அந்த அமைதியை வை. தயாரிப்பாளர் சத்தம் போட்டாலும் அதில் எதையும் போட்டு நிரப்பாதே. அந்த இடத்தில் வலிக்குமா என்று எப்போதாவது ஒரு குழந்தை உன்னிடம் வந்து கேட்டால், வலிக்காது என்று சொல்லிவிடு.